எண்பது பக்கக் கொப்பி

டிசம்பர் கடைசி வெள்ளி. பள்ளிக்கூடம் பூட்டுகிற நேரம்.
கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே
மரியபுஷ்பம் ஒரு கொப்பியை நீட்டினா.
"அடுத்த மாசம் உங்ககிட்ட வாற பதினேழு பிள்ளையும்
இதுக்குள்ள இருக்கு டீச்சர்."
வாங்கினேன். அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.
அவிசாவளை பஸ் போய்விடும் என்று ஓடினேன்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அவவுக்கு ஆறாயிரம் சம்பளம்,
அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருக்கா.
எனக்கோ பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ்.
வலயப் பணிமனை அனுப்பிய படிவத்தில்
பிள்ளைக்கு நாற்பத்தொரு கட்டம்.

ஜனவரி.
அனோஜன் உட்காரவில்லை.
வாசலுக்கு ஓடுவான், பிடித்து வருவேன்,
மறுபடி ஓடுவான்.
பென்சில் பிடிக்கவில்லை: ஒரு கட்டம்.
பெயர் சொல்லவில்லை: ஒரு கட்டம்.
மழை பெய்த இரண்டு நாளில் மட்டும்
பின் வாங்கில் சாய்ந்து
ஒரு யானைக்கு ஆறு கால் வரைந்துகொண்டிருந்தான்.
மழைக்கு ஏது கட்டம்?

மூன்றாம் கிழமை வெண்கட்டி தேடி அலுமாரியைத் திறந்தபோது
கொப்பி காலில் விழுந்தது.
ஒன்பதாம் பக்கம், நீல மை, சாய்ந்த எழுத்து:

"அனோஜன். கதவுப் பக்கம் இருக்க விடவும்.
அங்கிருந்து பார்த்தால் மூன்றாம் நம்பர் மலை தெரியும்.
அம்மா அங்கேதான் பால் வெட்டுறா.
அப்பா கோட்டைக்கு ரயில் ஏறினவர், திரும்பவில்லை.
அம்மாவும் போயிடுவாவோ என்று பார்க்கிறான்.
பத்து மணிக்கு அவ வாளியோடு இறங்கினதும்
எதைக் கேட்டாலும் சொல்லுவான்.
மழை என்றால் வெட்டு இல்லை, அம்மா லயத்தில்.
அன்றைக்கு எங்கே இருத்தினாலும் சரி."

வாங்கை நான்தான் இழுத்தேன்.
சிமெந்துத் தரையில் அது போட்ட சத்தத்துக்கு
பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

பத்து ஐந்துக்கு
அனோஜன் தன் பெயரைச் சொன்னான்.
தந்தை பெயரையும் சேர்த்து.

அதன் கீழே நான் எழுதினேன்:
"இருபது வரை எண்ணுகிறான். பதினாலை விட்டுவிடுகிறான்.
அவன் மட்டுமில்லை, பதினேழு பேருமே."
கொப்பியை வேலிக்கு மேலால் கொடுத்தேன்.
மறுநாள் பதில் வந்தது:
"மன்னிக்கவும் டீச்சர். என் எண் அட்டையில்
பதினாலை எலி தின்றுவிட்டது. ரெண்டு வருசமாச்சு."

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.
என் அறையில் மூன்று அட்டை சுருட்டியபடி கிடந்தன,
பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல்.
ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு
முதன்முறையாக அந்தப் பக்கம் போனேன்.
நாற்பது எட்டுக்கூட இல்லை.
உள்ளே தொட்டிலும் பலகையும் ஒரே அறை,
பால் மாவு மணம்,
தூங்குகிற ஒன்றைத் தோளில் போட்டபடி
மற்றவர்களுக்கு 'அ' எழுதிக் காட்டிக்கொண்டிருந்தா.

ஆசிரியர் கூட்டத்தில் அவவுக்கு ஒரு கதிரை கேட்டேன்.
"சுற்றுநிருபத்தில் இல்லையே" என்றார் அதிபர்.
ஆனால் வேலிக் கம்பியை ஓரிடத்தில் அறுத்தபோது
அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.
இப்போது வெள்ளிக்கிழமைகளில்
ஐந்து வயதுக்காரர் வரிசையாக அதற்குள்ளால் வருவார்கள்,
என் வாங்குகளில் இருந்து பார்ப்பார்கள்,
கழிப்பறை எங்கே என்று படித்துக்கொண்டு போவார்கள்.
பணிமனையிலிருந்து வந்தவர் கேட்டார்:
"இது எந்தத் திட்டம்? யார் அனுமதி?"
கொப்பியைக் காட்டினேன். புரட்டினார்.
எங்கே கையெழுத்துப் போடுவதென்று தெரியாமல் திருப்பித் தந்தார்.

அவ சம்பளம் இன்னும் ஆறாயிரம்தான்.

இந்த டிசம்பரும் கொப்பி வந்தது. பத்தொன்பது பிள்ளை.
கடைசித் தாளில் இன்னொரு பெயர், என் பெயர்.
பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறா போல:

"டீச்சர். காலையில் கொஞ்சம் சத்தம் போடுவா.
பஸ்ஸில் நின்றபடி வாறவ, கால் நோகும்.
பயப்பட வேண்டாம்.
பத்து மணிக்குச் சரியாகிடுவா."